எச்சரிக்கை: பூட் லோடர் போடக் கொடுத்த கணினிப் பெட்டியில் 1 டெராபைட்டும் போச்சு, 24,500 ரூபாவும் போச்சு

யாழ் நகருக்குள் கணினி திருத்துகிற கடை ஒன்றுக்கு 24,500 ரூபா கொடுத்து, நல்லாயிருந்த ஹார்ட் டிஸ்க்கை அழிப்பித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. விற்பனை, திருத்தம், சிசிடிவி பூட்டுதல் எல்லாம் ஒரே இடத்தில் செய்கிற வகைக் கடை. என்ன பிழை நடந்தது, ஏன் அழிந்தது என்று எழுதிவிட்டு, பூட் லோடரை, அதாவது கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரலை, பாதுகாப்பாகப் போடச் சில குறிப்புகளையும் கடைசியில் தருகிறேன்.

கொடுத்த வேலை சின்னது. பழைய பயாஸ் முறையில் தொடங்குகிற டெஸ்க்டாப். புது 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று பூட்டி, லினக்ஸ் நிறுவி, கிரப் என்ற பூட் லோடரை எழுத வேண்டும். எஸ்எஸ்டிக்கு 12,000, கூலி 4,500. உள்ளே ஏற்கெனவே 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஒரே பார்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி), எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை (கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு), நிறைய ஸ்கேன் செய்த பழைய படங்களும் ஆவணங்களும். "இதைக் கழற்றிப்போட்டுத் தரட்டோ தம்பி?" என்று கேட்டேன். "தேவையில்லை அண்ணை, அதிலை நாங்கள் கை வைக்க மாட்டம். நெடுகச் செய்யிற வேலைதானே" என்றார். அந்தச் சொல்லை நம்பி வைத்துவிட்டு வந்தேன். சாட்டா கேபிளை இழுத்துவிட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

நடந்தது எஸ்எஸ்டியிலேயே பதிவாகி இருக்கிறது. ரூட் (நிர்வாகி) கணக்கில் அடித்த கட்டளைகள் பதிவாகும் பாஷ் வரலாற்றுக் கோப்பை அவர்கள் அழிக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் முதலாம் சாட்டா துளையில் இருந்ததால் லினக்ஸில் அதன் பெயர் எஸ்டிஏ, எஸ்எஸ்டியின் பெயர் எஸ்டிபி. தொழில்நுட்பக்காரர் புதியதுதான் எஸ்டிஏ என்று நினைத்துவிட்டார். அதற்கு மேல், டிஸ்க்கின் பெயரோடு நிறுத்தாமல் பார்டிஷன் இலக்கத்தையும் சேர்த்து, கிரப்-இன்ஸ்டால் கட்டளைக்கு எஸ்டிஏ1 என்று கொடுத்திருக்கிறார். அந்த "1" இல்லாவிட்டால் என் கோப்புகளுக்கு ஒன்றும் நடந்திருக்காது. டிஸ்க்கின் முதல் செக்டரில், அதாவது முதல் 512 பைட்டில், 446 பைட் பூட் குறியீட்டுக்கு, 64 பைட் பார்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. கிரப் அட்டவணையைத் தொடாமல் தன் முதல் துண்டை அங்கே எழுதும். மிச்சத்தை 2048ஆம் செக்டரில் தொடங்கும் பார்டிஷனுக்கு முன்னால் உள்ள வெறும் இடத்தில் வைக்கும்.

பார்டிஷனுக்குள் எழுதினால் கதை வேறு. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை தன் முதல் 1024 பைட்டை பூட் லோடருக்காக விட்டுவைக்கும். எக்ஸ்எஃப்எஸ் ஒரு பைட்கூட விடாது. முறைமையின் அடிப்படை விவரங்களை வைத்திருக்கும் அதன் சூப்பர்பிளாக் பார்டிஷனின் முதல் பைட்டிலேயே தொடங்குகிறது. அங்கே பூட் குறியீடு ஏறினால் முழு முறைமையும் மவுண்ட் ஆகாது, அதாவது திறக்காது.

கிரப் இதைச் சும்மா செய்யவும் இல்லை. இந்தக் கோப்பு முறைமை பூட் லோடருக்கு இடம் விடுவதாகத் தெரியவில்லை, இங்கே நிறுவினால் கோப்பு முறைமை அழியக்கூடும் என்று பெரிய எழுத்தில் சொல்லி மறுக்கும். அடுத்த வரியில் அந்தச் சோதனையைத் தவிர்க்கும் ஸ்கிப்-எஃப்எஸ்-புரோப் போட்டிருக்கிறார்கள். பிறகு பிளாக்லிஸ்ட் (கிரப்பின் மிச்சம் டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்ற இடப் பட்டியல்) நம்பகமில்லை என்று இரண்டாம் தடவையும் மறுக்கும். அதற்கு, மறுத்தாலும் செய் என்று வற்புறுத்தும் ஃபோர்ஸ். இரண்டு கதவையும் உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள்.

இதுவரை நடந்தது மீட்கக்கூடிய பிழை. எனக்கு ஆத்திரம் வருவது இதற்குப் பிறகு நடந்ததில். எக்ஸ்எஃப்எஸ் தன்னைப் பல ஒதுக்கீட்டுத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் சூப்பர்பிளாக்கின் பிரதி வைத்திருக்கும். இப்படியான தனி டிஸ்க்கில் வழக்கமாக நான்கு தொகுதி. டிடிரெஸ்கியூவால் முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்குப் படியெடுத்து, படியின் மேல் எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் ஓட்டினால் அது அடுத்த பிரதியைத் தேடிப்பிடித்து முதலாவதைத் திருத்தும். அவர்கள் "டிஸ்க் அடிச்சுப்போச்சு அண்ணை" என்று சொல்லி, டேட்டா ரிக்கவரிக்கு 8,000 முற்பணம் வாங்கினார்கள். அதே நாள் அதே பார்டிஷனில் புதிதாக ஃபோர்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் எக்ஸ்ட்4 கட்டளை ஓடியிருக்கிறது. மூலக் கோப்புறை இருந்த முதல் தொகுதியின் மேல் புது முறைமையின் அட்டவணைகள் ஏறிவிட்டன. இனி ஃபோட்டோரெக் போன்ற மீட்பு நிரலால் துண்டு துண்டாகத் தேடலாம். கோப்புகளின் பெயரும் கோப்புறையும் வராது.

டிஸ்க் அடிபடவும் இல்லை. டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதாகி இடம் மாற்றிய செக்டர் 0, பழுதென்ற சந்தேகத்தில் காத்திருக்கும் செக்டர் 0.

கேட்கப் போனால் முதலாளி கொழும்புக்குப் போட்டார். செவ்வாய்க்கிழமை வாங்கோ. செவ்வாய் போனால் "லினக்ஸ் எண்டால் உப்பிடித்தான் அண்ணை". வரலாற்றுக் கோப்பை அச்செடுத்துக் காட்டினேன். "உதெல்லாம் எங்களுக்கு விளங்காது, பில்லின்ரை பின்பக்கத்தை வாசியுங்கோ, டேட்டாவுக்குப் பொறுப்பில்லை எண்டு கிடக்கு". முற்பணத்தையாவது தாருங்கோ என்றதற்கு, ஆள் வேலை செய்ததுதானே என்றார்கள். 12,000, 4,500, 8,000. மொத்தம் 24,500 ரூபா.

நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டு இருப்பதால் முழு முறையையும் எழுத இப்போது நேரமில்லை. அவசரமாகச் சில:

பூட் லோடர் போகவேண்டிய டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லாவற்றின் கேபிளையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் மாறும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடல், சீரியல், அளவு மூன்றையும் பார்த்த பிறகே எழுதச் சொல்லுங்கள். பயாஸ் முறையில் பெயருக்குப் பின்னால் இலக்கம் வரக்கூடாது. ஜிபிடி என்ற புது வகைப் பார்டிஷன் அட்டவணை உள்ள டிஸ்க்காக இருந்தால் பயாஸ் பூட்டுக்கென்று 1 எம்பி தனிப் பார்டிஷன் வேண்டும்.

பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறைப் பெட்டி என்றால், பூட் கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்டிஷனை ஃபோர்மட் செய்ய விடாதீர்கள், விண்டோஸின் பூட் கோப்புகளும் அதற்குள்தான். விண்டோஸின் பிட்லொக்கர் குறியாக்கம் இருந்தால் மீட்புச் சாவியை முதலே எழுதி வையுங்கள்.

முதல் செக்டரைப் பிரதி எடுக்கும்போது 512 பைட்டும் எடுங்கள். பூட் குறியீட்டை மட்டும் திருப்பிப் போடுவதானால் 446ஐத் தாண்டாதீர்கள், தாண்டினால் பழைய பார்டிஷன் அட்டவணை ஏறிவிடும்.

டிஸ்க் திறக்கவில்லை என்று கடை சொன்னால் அந்த நிமிடமே பெட்டியை நிற்பாட்டி, டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வாங்குங்கள். முற்பணம் கொடுக்க வேண்டாம்.