செவி சி-10 பிக்கப்பின் பின்பக்க உயரத்தை இறக்க: காயிலை (சுருள் ஸ்பிரிங்கை) வெட்டுவதா, மாற்றுவதா, அதற்குப் பதில் ஏர் பேக் (காற்றுப்பை) போடுவதா?

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி-10 பிக்கப்பில் பெரும்பாலும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் கிடையாது. சேசிஸிலிருந்து ஆக்சில் வரை பின்னோக்கி வரும் நீளமான இரண்டு டிரெயிலிங் ஆர்ம், அவற்றின்மேல் காயில், ஆக்சில் பக்கவாட்டில் நகராமலிருக்க ஒரு பான்ஹார்டு ராடு. அதே காலத்து ஜிஎம்சி வண்டிகளில் பட்டை சகஜம். அவற்றுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

காயிலை வெட்டுவதற்குச் செலவு ஒரு கட்டிங் வீல்தான். ஆனால் சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். 8 சுற்றில் ஒன்றை எடுத்தால் விறைப்பு 14 சதவீதம் கூடும். சரக்குப் பெட்டி காலியாக ஓடும்போது பின்பக்கம் துள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை முனையில். காயிலின் முனையைக் கிளாம்பும் போல்ட்டும் அது உட்காரும் இருக்கையோடு பிடித்துவைத்திருக்கும். வெட்டிய முனை அங்கே ஒழுங்காக உட்காராது, வண்டியை ஜாக்கியில் தூக்கினால் நழுவும். கேஸ் கட்டர் வைத்தாலோ, சூடாக்கி அமுக்கினாலோ ஸ்பிரிங்கின் பதமே போய்விடும். எங்கள் கருத்தில், ஒரு இன்ச்சுக்கு மேல் இறக்க இது வழியே அல்ல.

உயரம் குறைந்த காயில் 3, 4, 5 இன்ச் இறக்கம் என்று கிடைக்கிறது. முனை இருக்கைக்கு ஏற்றபடியே இருக்கும். மாட்டுவதும் சுலபம்: கிளாம்ப் போல்ட்களில் முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டுவைக்க வேண்டும். சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஆக்சிலை ஜாக்கியில் தாங்கி, ஷாக் அப்சர்பரையும் பான்ஹார்டு ராடையும் கழற்றி மெதுவாக இறக்கினால் காயில் தளர்ந்துவிடும். கம்ப்ரஸர் கருவி தேவைப்படாது. பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று மட்டும் கண் வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்மின் முன்முனை ரப்பர் புஷ் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, வண்டி தன் எடையில் சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

பலர் காயிலை மாற்றியதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ஆக்சில் மேலே வந்ததும் பான்ஹார்டு ராடு சாய்ந்து, முழு ஆக்சிலையும் ஒரு பக்கமாகத் தள்ளும். ஃபெண்டர் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்தால் தெரிந்துவிடும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ராடு போட்டால் சரியாகும். பழைய ஷாக் இப்போது பாதி அமுங்கியே நிற்பதால் குட்டை ஷாக்கோ, இடம் மாற்றும் பிராக்கெட்டோ வேண்டும். ஆர்ம் ஆக்சிலோடு யூ-போல்ட்டில் இறுகியிருப்பதால், ஆக்சில் ஏறும்போது பினியன் மூக்கு (ஷாஃப்ட் வந்து மாட்டும் ஆக்சிலின் முன்பகுதி) கீழே சாயும். 48 இன்ச் ஆர்ம் என்று வைத்துக்கொண்டால், 5 இன்ச் இறக்கத்துக்குச் சுமார் 6 டிகிரி. வேலை தொடங்குமுன்பே கோணத்தை அளந்து குறித்துக்கொண்டு, ஆர்முக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். விட்டால் வேகத்தில் அதிரும், ஷாஃப்ட்டின் மூட்டான யூ-ஜாயின்ட் தேயும். 127 இன்ச் வீல்பேஸ் வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டு. அவை சேருமிடத்தைத் தாங்கும் சென்டர் பேரிங்கின் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஆக்சில் குழாயின் மேற்புறத்துக்கும் சேசிஸின் அடிக்கும் நடுவே அளக்க வேண்டும். 3 இன்ச்சுக்குக் குறைவாக இருந்தால் பள்ளத்தில் விழும்போது இரும்போடு இரும்பு மோதும். அப்போது சி-நாட்ச் (ஆக்சில் ஏற இடம் கொடுத்துச் சேசிஸை வெட்டுவது) தவிர வேறு வழியில்லை. வலுவூட்டும் தகட்டை வைத்துக் குறித்து, துளைகளைப் போட்டு முடித்த பிறகுதான் சேசிஸில் அரைவட்டம் வெட்ட வேண்டும்.

ஏர் பேக்கில் உயரம் கையில் இருக்கிறது. சுமை ஏற்றியதும் காற்றைக் கூட்டி வண்டியை நிமிர்த்தலாம். கம்ப்ரஸர், டேங்க், வால்வு, குழாய் என்று செலவு பல மடங்கு. காற்றை முழுக்க விட்டுத் தரையோடு படிய வைப்பதென்றால் நாட்ச் கட்டாயம், பல வண்டிகளில் பெட்டியின் தரையையும் வெட்ட வேண்டிவரும். ராடு, ஷாக், பினியன் வேலை எதுவும் இதில் மிச்சமாகாது. பை எதிலும் உரசக்கூடாது: முழுக் காற்றிலும் காலியாகவும் சுற்றிலும் விரல் நுழைய வேண்டும், சைலன்சர் குழாய் பக்கத்தில் போகக்கூடாது. வெடிப்பதெல்லாம் பெரும்பாலும் உரசலால்தான்.

தினமும் ஓட்டுகிற வண்டிக்கு 4 இன்ச் காயிலும் நீளம் மாற்றும் ராடும், மேலே சொன்ன ஷாக், பினியன் திருத்தங்களும் போதும். பாரமும் ஏற்ற வேண்டும், நிறுத்தும்போது தரையோடும் இருக்க வேண்டும் என்பவர் மட்டும் ஏர் பேக்குக்குச் செலவழிக்கலாம்.