சோடி நாய்களைப் பிரித்துக் கொடுக்காத காப்பகம்

சோடியாகப் பழகிய நாய்களில் ஒன்றை மட்டும் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடும் காப்பகமாகத் தேடிப் போங்கள். மணியையும் செவலையையும் நாங்கள் தத்தெடுத்த, மகாபலிபுரம் சாலைப் பக்கத்துக் காப்பகம் அப்படிப்பட்டது. அந்தப் பிடிவாதத்துக்காகவே அதை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

இரண்டும் நாட்டு நாய்கள். பல்லைப் பார்த்து, பத்து வயது தாண்டியிருக்கும் என்று கணித்திருந்தார்கள். மூடிக்கிடந்த அரிசி ஆலையின் காவலாளி சோறு போட்டு வளர்த்தவை. அவர் இறந்த பிறகு காப்பகத்துக்கு வந்துசேர்ந்தன. செவலைக்கு முகவாய் முழுக்க நரை. மணி, ஆள் அரவம் கேட்டாலே அவளுக்குப் பின்னால் தலையைச் செருகிக்கொள்வான். எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குடும்பம் செவலையை மட்டும் கேட்டதாம், கொடுக்கவில்லை. ஒருமுறை காய்ச்சலுக்காக அவளைத் தனிக்கூண்டில் வைத்தபோது மணி சோற்றைத் தொடவே இல்லை என்றும், அவள் கண்ணில் படும்படி இடம் மாற்றிய பிறகுதான் தட்டைக் காலி செய்தான் என்றும் அங்கே பராமரிக்கும் அம்மா சொன்னார்.

அந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். "சார், கையை நீட்டாதீர்கள், குனிந்து தலையைத் தடவாதீர்கள். இப்படித் தரையில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருங்கள். வர வேண்டும் என்று தோன்றினால் அவர்களே வருவார்கள்" என்றார். நானும் என் மனைவியும் உட்கார்ந்துகொண்டோம். அவர் தன் பேரனின் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். செவலை மெல்ல வந்து என் செருப்பை முகர்ந்துவிட்டுப் போனாள். மணி அன்று நகரவே இல்லை. "அடுத்த வாரமும் வாருங்கள்" என்றாரே தவிர, கயிற்றைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் முன்னால் நிறுத்தவில்லை. பயந்த நாயை இழுத்துவந்து காட்டும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே நாய் வாலை இடுக்கிக்கொண்டு நடுங்குவதை "சாதுவான நாய்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

கட்டணம் எதுவும் இல்லை. ஆதார் நகலும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவமும் வாங்கிக்கொண்டார்கள். ஆதம்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்த இளைஞர், கேட்டுக்கு அடியில் இருந்த இடைவெளியை அளந்து, பலகை அடித்த பிறகுதான் அனுப்புவோம் என்றார். புது இடத்தில் கூச்ச சுபாவமுள்ள நாய் முதலில் தேடுவது தப்பிக்கும் வழியைத்தான். பின்வாங்கி இழுத்தால் கழுத்துப்பட்டை தலைவழியாகக் கழன்றுவிடும் என்பதால், மார்போடு சுற்றி மாட்டும் பட்டை வாங்கச் சொன்னார். இரண்டுக்கும் காது நுனியில் வெட்டு இருக்கிறது. கருத்தடை முடிந்த தெருநாய்க்கு அதுவே அடையாளம்.

குறை என்றால் மருத்துவக் குறிப்பு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட தேதியைத் தவிர அட்டையில் ஒன்றும் இல்லை. வயதான நாயைக் கொடுக்கும்போது ரத்தப் பரிசோதனை முடிவையும் சேர்த்துத் தருவதுதான் நியாயம். 1903ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு நாங்களே அழைத்துப் போனோம். செவலைக்கு உண்ணிக் காய்ச்சல் இருந்தது தெரிந்தது. மணிக்குப் பின்னங்கால் மூட்டுத் தேய்மானம், போதாக்குறைக்குப் பல்லெல்லாம் காரை. வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ கொடுத்துவிட வேண்டாம், நாய்க்கு அவை நஞ்சாகிவிடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். நாய்க்குட்டியை வாங்குகிறவர்களுக்கும் ஆஸ்பத்திரிச் செலவு உண்டுதான். ஆனால் கிழ நாய்க்கு அந்தப் பணத்தை முதல் மாதமே எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. சென்னை மாநகராட்சியின் உரிமமும் மைக்ரோசிப்பும் தனி.

முதல் சில நாட்கள் மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்தன. காப்பகம் கொடுத்த தாளில் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்கு இருக்கிறது: பயம் தணிய, வீட்டின் நடைமுறை பிடிபட, இது தன் வீடு என்று நம்ப. செவலை அந்தக் கணக்கை முந்திவிட்டாள். மணி ஒவ்வொன்றையும் அவள் செய்து காட்டிய பிறகே செய்தான். அவள் வாசற்படி தாண்டினால்தான் அவனும் தாண்டுவான், அவள் என் மனைவி கையிலிருந்து இட்லியை வாங்கித் தின்றதைப் பார்த்த பிறகுதான் அவனும் கிட்டே வந்தான். தனியாக வந்திருந்தால் இந்தப் பாடத்தை அவனுக்கு நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்போம்? கூச்சமுள்ள நாய் வேண்டாம், அதிலும் இரண்டா என்று தயங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். டைல்ஸ் தரையில் மணியின் கால் வழுக்கியதால் கூடம் முழுக்க ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறோம். அதைத் தவிர வீட்டில் பெரிதாக எதையும் மாற்றவில்லை.

அந்த அம்மா இன்னமும் போனில் விசாரிக்கிறார். மணிக்கு இரண்டு பல் பிடுங்க வேண்டும் என்றதும், "செவலையையும் கூடவே கூட்டிப்போங்கள், மயக்கம் தெளியும்போது அவள் வாசனை அவன் பக்கத்தில் இருக்கட்டும்" என்றார். மருத்துவரிடம் கேட்டோம்; அவரும் சரி என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் ஆட்டோவுக்குப் பதிலாகக் கார் பேச வேண்டும்.