சர்க்கரை நொதி இல்லாத புழு: சீனோராப்டிடிஸ் மரபியல் மையத்தின் சேவை பற்றி

வளரும் கருவில் செல்கள் எப்படி வழி கண்டு போகின்றன என்பதை நேரில் பார்க்க விரும்பும் ஆய்வகங்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் சேவை இது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இயங்கும் இந்த மையம், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள எலிகன்ஸ் உருளைப்புழுவின் ஆயிரக்கணக்கான மரபணு வகைகளைப் பாதுகாத்து, கேட்பவர்களுக்கு அனுப்புகிறது. நான் கேட்டது எச்எஸ்டி-2 (hst-2) என்ற மரபணு பழுதான, ஓகே595 (ok595) என்று குறிக்கப்படும் வகை.

பொதியைக் கொண்டுவந்த கூரியர் நிறுவனம் வழியில் தாமதம் செய்துவிட்டது. தட்டில் இருந்த பாக்டீரியா முழுவதையும் புழுக்கள் தின்று தீர்த்திருந்தன. ஆனாலும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. பட்டினி கிடந்த இளம்புழுக்கள் 'டாவர்' என்ற தாக்குப்பிடிக்கும் நிலைக்குப் போய்விடும். தட்டின் அகார் கூழில் சிறு துண்டை வெட்டி, புழுக்களின் உணவான ஓபி50 பாக்டீரியா பூசிய புதுத் தட்டில் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் துண்டைச் சுற்றிலும் ஊர்ந்த தடங்கள்.

இந்த வகையை ஏன் கேட்க வேண்டும்? செல்களின் மேற்பரப்பில் ஹெப்பரான் சல்பேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. வழிகாட்டும் புரதங்கள் பல அதைப் பற்றிக்கொள்கின்றன. அந்தச் சங்கிலியில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் சல்பேட்டைச் சேர்ப்பதுதான் எச்எஸ்டி-2 நொதியின் வேலை. நொதி இல்லாவிட்டாலும் சங்கிலி இருக்கும்; அந்த ஒரு சல்பேட் மட்டும் இருக்காது. அதுவே செல்லைத் தடுமாற வைக்கப் போதும் என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது.

எச்எஸ்என் என்ற நரம்புச் செல் இணையைப் பாருங்கள். வால் பக்கம் பிறந்து, புழு முட்டையிலிருந்து வெளிவருவதற்கு முன்பே உடலின் நடுப்பகுதிக்கு வந்துவிட வேண்டிய செல்கள் அவை. செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகளைப் பச்சையாக ஒளிரவைக்கும் இன்னொரு வகையோடு இதை இனக்கலப்பு செய்து, வளர்ந்த புழுக்களை ஒளிர்வு நுண்ணோக்கியில் வைத்தேன். சாதாரணப் புழுவில் பச்சைப் புள்ளி முட்டையிடும் துளைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இங்கே சில புழுக்களில் அது அங்கேதான் இருந்தது. சிலவற்றில் வாலுக்கும் நடுவுக்கும் இடையே எங்கோ நின்றுவிட்டது. ஒரே மரபணுப் பழுது, ஒரே தட்டு, ஆனால் வெவ்வேறு நிறுத்தங்கள்! இந்த வேறுபாடுதான் எனக்குப் பிடித்தது. அந்தச் சல்பேட் 'போ' என்று ஆணையிடுவதில்லை. போகும் பயணம் தவறாமல் முடிய உதவுகிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். ஒவ்வொரு வகையின் விவரப் பக்கத்திலும், அது சாதாரணப் புழுவோடு எத்தனை முறை திரும்ப இனக்கலப்பு செய்யப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த எண் குறைவாக இருந்தால், வேறு ஏதாவது மறைந்திருக்கும் பழுதும் செல்லின் பாதையைக் குலைத்திருக்கலாம்; பழி நொதியின் மேல் விழும். நீங்களே மேலும் சில தலைமுறை சாதாரணப் புழுவோடு கலந்துவிட்டு, இடம் தவறிய செல்களை எண்ணத் தொடங்குங்கள்.

அடுத்து எச்எஸ்இ-5 (hse-5) என்ற இன்னொரு நொதியின் மரபணு பழுதான வகையைக் கேட்டிருக்கிறேன். அந்த நொதி அதே சங்கிலியில் குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை அலகை இடுரோனிக் அமிலம் என்ற இன்னொரு அலகாக மாற்றுவது. எச்எஸ்டி-2 பெரும்பாலும் சல்பேட் வைப்பது அந்த இடுரோனிக் அமிலத்தின் மீதுதான். எச்எஸ்என் இதிலும் அதே இடங்களில்தான் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.