சாப்பிட்ட பின் 15 நிமிடம்

ஊருக்குப் போனபோது எனக்கு 26-ஆவது வாரம். கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்வது வழக்கம் என்பதால், போன மூன்றாம் நாளே அம்மாவுடன் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துவிட்டு, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. கடைசி அளவு 153-க்குக் கீழே இருக்க வேண்டும், எனக்கு 161. காகிதத்தை நீட்டியவர் "டாக்டரைப் பாருங்க" என்றதோடு சரி. வீடு வரும் வரை அழுதேன்.

மறுநாள் போன மகப்பேறு கிளினிக்கைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மந்தமாக்கிவிடுமாம். ஆனால் தசைகள் வேலை செய்யும்போது இன்சுலின் தயவு இல்லாமலேயே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். "நீங்க எந்தத் தப்பும் செய்யலம்மா" என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம் சிஸ்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கூடவே நடந்தபடி குழந்தைக்கு என்ன பெயர் யோசித்திருக்கிறேன் என்று கேட்டார். பதில் சொன்னேன். "பேச முடியுது, பாடச் சொன்னா மூச்சு வாங்கும். இந்த வேகம் போதும்" என்றார். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடக்க வேண்டும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைக் குறிக்க வேண்டும், 140-க்குக் கீழே இருக்க வேண்டும். ரத்தக் கசிவு, நீர்க் கசிவு, தலைசுற்றல், நெஞ்சுவலி எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னார்.

நடக்காத ஒரு மதியம் 152. அதே சாப்பாடு, அடுத்த நாள் நடந்தேன்: 128. என்னைக் கட்டிலை விட்டு இறங்கவிடாத அம்மா, அந்த இரண்டு எண்களையும் பார்த்த பிறகு தானே செருப்பை எடுத்து வைத்தார்.

எல்லோருக்கும் நடை மட்டும் போதாது, சிலருக்கு இன்சுலின் தேவைப்படும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். 28 வாரம் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் கடிதம் கேட்கும். கிளம்பும்போது அதையும் கேட்காமலே தந்தார்கள். திரும்பி வந்ததும் இங்குள்ள மருத்துவர் முதலில் வாங்கிப் பார்த்தது, சிஸ்டர் கோடு போட்டுக் கொடுத்த அந்தச் சின்ன நோட்டைத்தான்.