ஒப்பீட்டுத் தாளை விற்கிறவரிடமே வாங்காதீர்கள்

கெய்சர் வீதி, பிரதான வீதிப் பக்கம் பில்லிங், ஸ்டொக் சொப்ட்வெயார் எடுக்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். புறக்கோட்டையில் மொத்தத் துணிக்கடை ஒன்றுக்கு நடந்தது இது. விற்க வந்த கொம்பனி "ஒப்பிட்டுப் பார்த்தே எடுங்கள்" என்று சொல்லி, எக்செல் தாளையும் தானே கொடுத்தது. எந்த விஷயம் எவ்வளவு முக்கியம் என்று காட்டும் எண்களான நிறைகள் ஏற்கெனவே போட்டிருந்தன: வசதிகள் 40, திரைத் தோற்றம் 20, விலை 25, விற்பனைக்குப் பின் சேவை 10, தரவை வெளியே எடுப்பது 5.

முதலாளி நேர்மையாகத்தான் 5க்குப் புள்ளி போட்டார். அந்தக் கொம்பனிக்கு வரிசையாக 5, 5, 4, 2, 0. போட்டிக் கொம்பனிக்கு 4, 3, 3, 5, 5. பெருக்கிக் கூட்டினால் 420க்கு 370. அன்றைக்கே ஒப்பந்தம் கையெழுத்தானது.

எட்டு மாதத்தில் வேறு சொப்ட்வெயாருக்கு மாறப் பார்த்தபோது, பொருள் பட்டியலும் வாடிக்கையாளர் நிலுவையும் பிடிஎஃப் ஆக மட்டுமே வந்தன. வேறு சொப்ட்வெயாரில் ஏற்றக்கூடிய சிஎஸ்வி கோப்பு வேண்டுமானால் தனிக் கட்டணமாம். அந்த 0 தாளிலேயே இருந்தது. நிறை வெறும் 5 என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

அதே புள்ளிகளுக்குக் கடையின் தேவைப்படி நிறை போட்டுப் பாருங்கள்: வசதி 30, தோற்றம் 5, விலை 20, சேவை 25, தரவு 20. இப்போது அவர்களுக்கு 305, மற்றவருக்கு 420. ஆகவே டிமோ (செய்துகாட்டல்) பார்க்க முன்னரே நிறைகளை நீங்களே எழுதித் திகதி போட்டு வையுங்கள். காசாளர், கணக்காளர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் மூவரும் தனித்தனியே புள்ளி போடட்டும். 2 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் யாரோ ஒருவர் எதையோ பார்க்கவில்லை.

இல்லாமல் முடியாது என்ற விஷயத்துக்கு நிறையே போடாதீர்கள். 18% வற் (பெறுமதி சேர் வரி) சரியாக விழும் பில், இணையம் நின்றாலும் பில் அடிப்பது, தரவை முழுதாக எடுப்பது: இவற்றுக்கு உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்தான். ஒன்று இல்லையென்றாலும் அந்தக் கொம்பனியை அங்கேயே நிறுத்துங்கள். "அறிக்கை", "டாஷ்போர்ட்", "பகுப்பாய்வு" என்று ஒரே வசதி மூன்று வரியில் வந்தால் ஒன்றாக்குங்கள், இல்லாவிட்டால் அதற்கு மூன்று மடங்கு நிறை போய்விடும்.

விலையில்தான் பெரிய சூழ்ச்சி. 3 இலட்சம், 3.5 இலட்சம் என்று இரண்டு விலைமனு இருக்கும்போது, ஒப்புக்கு 9 இலட்சத்தில் மூன்றாவதொன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். மலிவானதுக்கு 5, கூடியதுக்கு 0 என்று இடைவெளியைப் பங்கிடும் தாளில் 3.5 இலட்சக்காரருக்கு 4.58 புள்ளி கிடைத்துவிடும். மூன்றாவது இல்லாவிட்டால் அவருக்கு 0. குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்து 5ஆல் பெருக்குங்கள். அவருக்கு 4.29 வரும், இப்படிக் கூடிய விலையில் எத்தனை போலி விலைமனு வந்தாலும் அது அசையாது. விலை என்பதும் மூன்று வருடச் செலவு: வருடாந்தப் பராமரிப்பு, கூடுதல் கவுண்டர், பயிற்சி எல்லாம் சேரவேண்டும்.

டிமோவில் அவர்களுடைய மாதிரித் தரவை ஏற்காதீர்கள், உங்கள் பழைய பில்களையே கொடுங்கள். 12.75 யார் துணி விற்று 2 யார் திரும்பி வந்தால் ஸ்டொக் கூடி, வற் குறைகிறதா? முன்திகதியிட்ட காசோலை வங்கியில் திரும்பினால் அந்தக் கடன் மறுபடி வாடிக்கையாளர் கணக்கில் ஏறுகிறதா? உங்கள் காசாளர் கையால் செய்து பார்த்ததற்கு மட்டும் புள்ளி போடுங்கள். "அடுத்த வெர்ஷனில் வரும்" என்றால் 0.

கையெழுத்துக்கு முன், கேட்ட 7 நாளுக்குள் முழுத் தரவையும் சிஎஸ்வியில் இலவசமாகத் தரவேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.