“டைரக்ட் பண்ணிட்டேன்” என்று மெக்கானிக் சொன்னால் அந்த கீசரைப் போடாதீர்கள்

கேஸ் கீசர் வைத்திருக்கிறவர்கள், அதிலும் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருக்கிறவர்கள், தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். எங்கள் வீட்டு கீசரை ரிப்பேர் செய்ய வந்தவர், ரிப்பேரே செய்யாமல் அதிலிருந்த பாதுகாப்பு ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, அதன் ஒயர்களை நேராகச் சேர்த்துவிட்டு (இதைத்தான் “டைரக்ட் பண்ணுவது” என்கிறார்கள்), புது சென்சர் போட்டதாகப் பணம் வாங்கிக்கொண்டு போனார். அந்த கீசர் தண்ணீரில்தான் என் அம்மா தினமும் குளித்துக்கொண்டிருந்தார். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் பெங்களூரில் குளிர் தொடங்கிவிட்டது, இதே மாதிரி ஆட்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுக்கிற வேலை நடந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் இருப்பது விவேக் நகர் பக்கம் ஒரு பழைய வாடகை வீட்டின் முதல் மாடி. மொட்டை மாடியில் சோலார் கிடையாது. கரண்ட் போனால் எலக்ட்ரிக் கீசர் ஓடாது. 2000 வாட் இழுக்கிற சாமானை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. கேஸ் கீசருக்கு 2 பெரிய பேட்டரி செல் போதும். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரத்தைத் தள்ளும், சின்ன ஸ்விட்ச் ஒன்று சேரும், செல்லிலிருந்து பொறி அடிக்கும், கேஸ் வால்வு திறக்கும். கரண்டே வேண்டாம். அதனால்தான் இதை வைத்திருந்தோம்.

போன மழைக்காலம் முடிகிற நேரத்தில் கீசர் பற்றி எரிந்த கொஞ்ச நேரத்திலேயே அணைய ஆரம்பித்தது. சிறிது நேரம் விட்டால் மறுபடி எரியும், மறுபடி அணையும். தெரிந்தவர்கள் சொன்ன சர்வீஸ் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. மூடியைக் கழற்றினான், பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்தான், வெளியே வந்து, “சென்சர் போயிடுச்சு சார், ஒரிஜினல் போட்டிருக்கேன். இனிமே நிக்கவே நிக்காதும்மா” என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னான். போகிற போக்கில், “அடிக்கடி பேட்டரி மாத்துற செலவு எதுக்கு?” என்று கேட்டு, பேட்டரி பெட்டியை எடுத்துவிட்டு பிளக்கில் மாட்டுகிற 3 வோல்ட் அடாப்டரையும் போட்டுவிட்டான். சென்சர் 1,450, அடாப்டர் 650, சர்வீஸ் 500 என்று கையால் எழுதிய பில். ஜிஎஸ்டி எண் இல்லை, கடை முத்திரை மட்டும் இருந்தது. பழைய சென்சரைக் கேட்டதற்கு, “அது எரிஞ்சு போச்சு சார், எதுக்கு?” என்றான்.

அவன் சொன்னபடி கீசர் நிற்கவே இல்லை.

அப்புறம்தான் அம்மாவுக்குக் குளித்து முடித்ததும் தலைவலி வர ஆரம்பித்தது. வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது, கால் துவளுகிறது என்பார். கொஞ்ச நேரம் வராந்தாவில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். பித்தம் என்றார் அம்மா. பிரஷர் பார்த்தோம், சரியாக இருந்தது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 98 காட்டியது.

அந்த 98 பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கேஸ் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறம் இல்லை, வாசனை இல்லை. சிலிண்டர் கேஸ் கசிந்தால் மூக்கில் ஏறுவது அதில் சேர்க்கிற மெர்காப்டானின் நாற்றம். எரிந்து முடிந்த புகையில் அந்த நாற்றமும் இருக்காது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டுகிற சாதாரண ஆக்சிமீட்டர் ஒளியை வைத்துத்தான் கணக்கிடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். மூச்சுக்குத் தவிக்கிற ஆளுக்கும் அது நல்ல எண் காட்டும். ஆஸ்பத்திரியில் கோ-ஆக்சிமீட்டர் என்கிற கருவியில் ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். அதனால் குளித்தபின் தலைவலி என்று டாக்டரிடம் போனால், வீட்டில் கேஸ் கீசர் இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெளிக்காற்றில் இது உடம்பிலிருந்து பாதி இறங்கவே 4, 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும்.

உண்மை வெளிவந்தது கரண்ட் போன ஒரு காலையில். அடாப்டருக்குக் கரண்ட் இல்லை, கீசர் பற்றவே இல்லை. கரண்ட் இல்லாதபோது கைகொடுக்கட்டும் என்று வைத்த சாமானைக் கரண்டிலேயே கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பேட்டரி பெட்டியைத் திரும்பப் போடுவதற்காக, கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இங்கேயே பல வருஷமாகத் தொழில் செய்கிற ஒரு பெரியவரைக் கூப்பிட்டோம். மூடியைக் கழற்றியதும் அவர் பேசவில்லை. டார்ச்சை என் கையில் கொடுத்து, “நீங்களே பாருங்க தம்பி” என்றார்.

வெந்நீர் வெளியேறுகிற செம்புக் குழாயின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்க வேண்டும். சூடு எல்லை மீறினால் அது தானாகத் திறந்து கேஸ் வால்வை மூடவைக்கும். எங்கள் கீசரில் அந்த ஸ்விட்ச் ஒயர் இல்லாமல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் போக வேண்டிய இரண்டு சிவப்பு ஒயர்களின் முனையையும் வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தான். டேப் சூட்டில் உருகிப் பக்கத்து ஒயரில் ஒட்டியிருந்தது. புது சென்சர் என்று எதுவும் உள்ளே இல்லை. “டைரக்ட் பண்ணி வச்சிருக்காங்க” என்றார் பெரியவர். பழைய வீடுகளில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவார்களே, அதே வேலை.

ஸ்விட்ச் ஏன் அணைத்துக்கொண்டே இருந்தது என்பதைத்தான் முதலில் வந்தவன் பார்த்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் போர் தண்ணீர். செம்புக் குழாய்க்குள் உப்புப் படிந்து, தீயின் சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே நின்றிருக்கிறது. அந்தச் சூட்டைப் பார்த்துத்தான் ஸ்விட்ச் அணைத்தது. குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று பார்த்திருந்தால் இன்னொன்றும் கண்ணில் பட்டிருக்கும்: செம்புத் தகடுகளுக்கு நடுவே கரி அடைத்திருந்தது, விரலை வைத்தால் அப்பிக்கொண்டது. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எழும்பியது. ஜன்னல் வழியாக வெளியே போகிற புகைக்குழாயின் வாயில் புறா கூடு கட்டியிருந்தது, விளக்குமாற்றுக் குச்சியும் ஒயர்த் துண்டுமாக. புகை வெளியே போக வழியில்லாமல் பாத்ரூமுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. சின்ன பாத்ரூம், மூடிய கதவு, உள்ளே எழுபது வயதைத் தொடுகிற அம்மா.

கடைக்குப் போன் செய்தேன். முதலாளி எடுத்தார். “கீசர் ஓடுதா இல்லையா சார்? ஓடுதில்ல? அப்புறம் என்ன கம்ப்ளெய்ன்ட்?” என்று கேட்டார். அந்தப் பாகம் ஸ்டாக் இல்லாததால் டெஸ்டுக்காக டைரக்ட் பண்ணினானாம், வந்ததும் மாற்றித் தருவதாக இருந்தார்களாம். பில்லில் போட்டிருக்கிற 1,450 எதற்கு என்று கேட்டதும் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு எடுக்கவே இல்லை.

டெஸ்டுக்காக ஒயரைச் சேர்ப்பது தொழிலில் இருக்கிற பழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. என் சித்தப்பா மகன் கனடாவில் கால்கரியில் இருக்கிறான். அங்கே வீடு முழுவதையும் சூடாக்க அடித்தளத்தில் கேஸ் ஃபர்னஸ் வைத்திருக்கிறார்கள். அது பற்றவில்லை என்றால் மெக்கானிக் ஆர், டபிள்யூ என்று குறித்த தெர்மோஸ்டாட் ஒயர் முனைகள் இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துப் பார்ப்பாராம். ஃபர்னஸ் பற்றிக்கொண்டால் கோளாறு சுவரிலிருக்கிற தெர்மோஸ்டாட்டிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். உடனே துண்டு ஒயரை எடுத்துவிடுவார். சூடு மீறினால் அணைக்கிற லிமிட் ஸ்விட்ச், தீ வெளியே எட்டிப் பார்த்தால் அணைக்கிற ரோல்அவுட் ஸ்விட்ச் இரண்டும் வேறு. அவற்றைச் சேர்த்துவிட்டு ஃபர்னஸை ஓட்டக்கூடாது. எந்த ஸ்விட்ச் திறந்தது என்பதை உள்ளிருக்கிற சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்னிக் காட்டும், அதை வைத்துக் காரணத்தைத் தேட வேண்டும். கேஸில் எரிந்தாலும் ஃபர்னஸின் காற்றாடிக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் வீடு விறைத்துப்போகும். அங்கேகூட பாதுகாப்பு ஸ்விட்சைத் தாண்டி ஒயர் போட்டு “பேக்கப்” என்று யாரும் சொல்வதில்லை என்றான். இங்கே பத்து நிமிஷ டெஸ்டுக்குச் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு ரிப்பேர் என்று பில் போடுகிறார்கள். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

பெரியவர் எங்கள் கண் முன்னால் செய்து காட்டிய சோதனைகளை எழுதுகிறேன். யார் ரிப்பேர் செய்தாலும் பணம் கொடுப்பதற்கு முன்னால் இவற்றைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். மூடியைக் கழற்றிய நிலையில் கீசர் எரியும்போது, சூட்டு ஸ்விட்சிலிருந்து ஒரு ஒயரை மட்டும் உருவச் சொல்லுங்கள். தீ அந்த நொடியே அணைய வேண்டும். அணையாவிட்டால் எங்கேயோ டைரக்ட் பண்ணியிருக்கிறது. இதை மெக்கானிக்தான் செய்ய வேண்டும், நீங்கள் கை வைக்காதீர்கள். நீங்களே பார்க்கக்கூடியதும் உண்டு: எரியும்போது ஒரு செல்லை எடுத்தால் அணைய வேண்டும், குழாயை மூடினால் உடனே அணைய வேண்டும்.

அடுத்தது புகை. கீசரைப் போட்டு, பாத்ரூம் கதவு ஜன்னலைச் சாத்தி, மேலே புகை வெளியேறுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊதுவத்தியைப் பிடித்தார். ஊதுவத்திப் புகை குழாய்க்குள் இழுபட்டால் நல்லது. முகத்துக்குத் திரும்பினால் கீசரின் புகையும் அப்படித்தான் திரும்புகிறது. கூட்டை எடுத்த பிறகு புகை உள்ளே போனது. ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் மறுபடி வெளியே வந்தது. ஃபேன் அறைக்காற்றை உறிஞ்சும்போது அதை ஈடுகட்ட புகைக்குழாய் வழியாகவே காற்று உள்ளே வருகிறது. காற்றோட்டத்துக்கு நல்லது என்று நினைத்து ஃபேனைப் போட்டுக் குளிக்கிறவர்கள் எத்தனை பேர்! இந்தச் சோதனையில் ரொம்ப நேரம் உள்ளே நிற்காதீர்கள், பார்த்துவிட்டு உடனே எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

நாங்கள் கடைசியில் கீசரை பாத்ரூமிலிருந்தே எடுத்துவிட்டோம். யூட்டிலிட்டியில், வெளிக்காற்று படுகிற சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்தோம். ஹவுஸ் ஓனர் முதலில் சுவரில் ஓட்டை போடக்கூடாது என்றார். டேப் சுற்றிய ஒயரின் போட்டோவைக் காட்டியதும் ஒன்றும் சொல்லவில்லை. பாத்ரூமுக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வைத்தோம். இதிலும் ஏமாற வேண்டாம்: எல்பிஜி கசிவைக் காட்டுகிற கருவியையே கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். அது வேறு, இது வேறு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, அதற்கான கருவி தரையை ஒட்டி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து நிற்கும், அதற்கான அலாரம் தலை உயரத்தில் இருக்கலாம். பெட்டியின் மேல் கார்பன் மோனாக்சைடு என்று எழுதியிருக்கிறதா, ஈஎன் 50291 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பாத்ரூமில் யாராவது மயங்கி விழுந்தால் முதலில் கதவைத் திறந்து ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள், ரெகுலேட்டரை மூடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸ் கசிவு என்றால் 1906.

பணத்தைப் பற்றி: பில்லை எறியாதீர்கள், கையால் எழுதியதாக இருந்தாலும் அது சாட்சி. மூடியைக் கழற்றியதும் உள்ளே போட்டோ எடுத்துவிடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. நான் அந்தக் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் ஆணையத்துக்குப் போவேன்.

விவேக் நகர், ஆஸ்டின் டவுன், ஈஜிபுரா பக்கம் சமீபத்தில் கேஸ் கீசர் சர்வீஸ் செய்தவர்கள், “சென்சர் மாத்தினது” என்று பில்லில் இருந்தால் இன்றைக்கே வேறு ஒரு மெக்கானிக்கை வைத்து மூடியைத் திறந்து பாருங்கள். அதுவரை கீசரைப் போட வேண்டாம், அடுப்பில் தண்ணீர் காய வைத்துக் குளியுங்கள். உள்ளே முறுக்கிய ஒயர் இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு எழுதுங்கள், எல்லாருமாகச் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கலாம்.