ஆக்சிஜன் சென்சார் கோளாறும் ப்ளூடூத் ஸ்கேனரும்: சில வருட அனுபவம்

போனோடு ப்ளூடூத்தில் இணையும் ஈஎல்எம்327 வகை ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் கருவி) ஒன்றும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும் சில வருடங்களாக என் பெட்ரோல் காரின் டிக்கியில் கிடக்கின்றன. இரண்டுக்கும் அதிகம் வேலை வைத்தது, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை வைத்துப் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார்தான். அந்த வேலைக்கு இந்த ஜோடி எதுவரை கைகொடுக்கும் என்பதை இப்போது தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் வந்த பிழைக் குறியீடு பி0135. முதல் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். இதைப் பார்த்ததும் புது சென்சார் வாங்கி மாட்டுவதுதான் பரவலான வழக்கம். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. ஃப்யூஸ், ரிலே, ஒயர், கனெக்டர், எர்த்தைக் கட்டுப்படுத்தும் இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) என்று அந்த சர்க்யூட்டில் எத்தனையோ இருக்கின்றன; சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் அவற்றில் ஒன்றுதான்.

குறியீட்டை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். கோளாறு பதிவான நேரத்தில் இன்ஜின் சூடு, ஆர்பிஎம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். இன்ஜின் ஆறிய பிறகு கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருந்த இரண்டு ஹீட்டர் ஒயர்களுக்கு இடையே ஓம் பார்த்தேன். 6 ஓம். ஹீட்டர் அறுந்திருந்தால் மீட்டர் எதுவுமே காட்டாது. ஆக ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு வண்டிப் பக்கக் கனெக்டரில் சப்ளை பார்த்தால், அதுவும் சரியாகவே இருந்தது.

பலர் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். மல்டிமீட்டர் கரண்டை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் முழு வோல்டேஜைக் காட்டிவிடும். 6 ஓம் ஹீட்டருக்கோ ஏறக்குறைய 2 ஆம்பியர் வேண்டும். அதனால் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை சப்ளை ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே கொடுத்தேன். இழை லேசாகச் சிவந்ததோடு சரி, வெளிச்சமே இல்லை. ஒயரைத் தடவிக்கொண்டே போனபோது, ஹீட் ஷீல்டின் விளிம்பு உரசும் இடத்தில் உறை தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடிந்திருந்தது. அந்தத் துண்டை மட்டும் மாற்றி உறையிட்டு, விளிம்பில் படாதபடி கிளிப் போட்டேன். அதே பழைய சென்சார்தான் இன்றும் ஓடுகிறது. இந்த பல்ப் சோதனை ஹீட்டர் சப்ளைக்கு மட்டும்தான். சிக்னல் ஒயரில் பல்பைக் கொடுத்தால் இசியூவுக்கு ஆபத்து.

பின்னொரு சமயம் பி0131, சிக்னல் வோல்டேஜ் குறைவு. கூடவே பி0171, கலவையில் பெட்ரோல் குறைவு. இங்கே ஸ்கேனர் தன் விலைக்கு மேலேயே உழைத்தது. என் வண்டியில் இருப்பது ஜிர்கோனியா வகை சென்சார். சூடானபின் அது சுமார் 0.1 வோல்ட்டுக்கும் (பெட்ரோல் குறைவு) 0.9 வோல்ட்டுக்கும் (பெட்ரோல் அதிகம்) இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். என் கிராஃபோ கீழேயே படுத்துக் கிடந்தது. ஆனால் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்ததும் 0.8-ஐத் தாண்டி எழுந்தது. செத்த சென்சார் இப்படி எழாது. ஃப்யூயல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிசெய்ய இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, ஐடிலில் பிளஸ் 20 சதவீதத்துக்கு மேல். ஆர்பிஎம் ஏற ஏறக் குறைந்தது. ஐடிலில்தான் மேனிஃபோல்டு வேக்குவம் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் உறிஞ்சல்) அதிகம் என்பதால், வெளிக்காற்று உள்ளே போகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். பிசிவி ஹோஸின் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் குழாய்) அடிப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது! சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தாலும் அளவு கீழேயே கிடக்கும். அதையும் பார்த்துவிட வேண்டும்.

இந்த ஸ்கேனர் கைவிடும் இடம் பி0133. சென்சார் மெதுவாக வேலை செய்கிறது என்ற குறியீடு அது. நல்ல சென்சார் நூறு மில்லிசெகண்டு அளவிலேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவிவிடும். இந்த அடாப்டரோ, அதுவும் பழைய புரோட்டோகால் (தகவல் பரிமாற்ற முறை) உள்ள வண்டிகளில், நொடிக்குச் சில முறைதான் அளவைக் கேட்டு வாங்குகிறது. மைத்துனர் வண்டியில் இந்தக் குறியீடு வந்தபோது திரையில் தெரிந்த கோணல்மாணல் கோட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. ஆஸிலோஸ்கோப் (வோல்டேஜின் வேகமான மாற்றத்தை வரைந்து காட்டும் கருவி) உள்ள பட்டறைக்கு அனுப்பிவைத்தேன். ஒரே சமயத்தில் நிறைய அளவுகளைத் திரையில் வைத்தால் வேகம் இன்னும் படுத்துவிடும். சென்சார் வோல்டேஜை மட்டும் தனியாக வைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், சாலிடர் பற்றியது. பல சென்சார்கள் புகையோடு ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றைத் தங்கள் ஒயர் வழியாகவே இழுக்கின்றன. சென்சாரின் சொந்த ஒயரைச் சாலிடர் வைத்து ஒட்டினாலோ கனெக்டரில் கிரீஸ் அப்பினாலோ அந்த வழி அடைபடும். அங்கே கிரிம்ப்தான் (ஒயர்களை உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைப்பது) சரி. என் பழுது வண்டிப் பக்க ஒயரில் இருந்ததால் கொஞ்சம் நிம்மதி.

அடாப்டரை வேலை முடிந்ததும் கழற்றிவிடுவேன். பல வண்டிகளில் அந்த சாக்கெட்டுக்கு எப்போதும் பேட்டரி சப்ளை உண்டு. நாள் கணக்கில் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கும்.

இவ்வளவும் நான்கு ஒயர் ஜிர்கோனியா சென்சாருக்குத்தான் பொருந்தும். உங்கள் வண்டியில் ஐந்து அல்லது ஆறு ஒயர் இருந்தால் அது பெரும்பாலும் வைட்பேண்ட் (கலவையை இன்னும் விரிவாக அளக்கும் வகை). அதன் சிக்னல் இப்படி ஏறி இறங்காது. அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு மீட்டரைக் கையில் எடுங்கள்.